ஆர்எக்ஸ்100-க்கு எந்த ஹவுசிங்? இல்லை, பேசாமல் டிஜி-6 வாங்கிவிடலாமா?

நெய்தல்_ராம்

வணக்கம் நண்பர்களே. பாண்டிச்சேரியில் ஸ்கூபா டைவிங்குக்கான ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஜனவரியில் நானும் மனைவியும் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். கையில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ கேமரா இருக்கிறது. வீட்டு விசேஷம், ஊர்ப்பயணம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதையே கடலுக்குள்ளும் கொண்டுபோக ஆசை.

தேடியவரை நான்கு வழி தெரிகிறது. ஒன்று, சோனியின் சொந்த ஹவுசிங் (கேமராவைப் போட்டு மூடும் தண்ணீர் புகாத பெட்டி), 40 மீட்டர் ஆழம் தாங்கும். இரண்டு, சீஃப்ராக்ஸ் பாலிகார்பனேட் ஹவுசிங். மூன்று, பழைய நாட்டிகேம் அலுமினிய ஹவுசிங் ஒன்றை ஒருவர் விற்கிறார். புதிதின் விலையில் பாதிதான், ஆனாலும் சீஃப்ராக்ஸைவிட இரண்டு மூன்று மடங்கு. நான்கு, இந்த வம்பே வேண்டாம் என்று ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா. அது ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும் என்கிறார்கள்.

சில ஹவுசிங் 60 மீட்டர் என்கிறது, சிலது 40. ஆழம் கூடியதையே வாங்கினால் பாதுகாப்பா?

---

பவழமீன்

வாழ்த்துகள் ராம். பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். என்ன எடுக்கப் போகிறீர்கள், சின்னப் பூச்சி மாதிரி உயிரினங்களா, பெரிய மீன் கூட்டமா, மனைவியையா? படமா, வீடியோவா? லைட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பெரும்பாலும் எல்லாரும் ஹவுசிங்கோடு பட்ஜெட்டை முடித்துவிடுகிறார்கள். அப்புறம் எல்லாப் படமும் நீலமாக வருகிறது என்று இங்கே வந்து கேட்கிறார்கள்.

---

நெய்தல்_ராம்

எல்லாமும்தான் அண்ணா. ஆனால் உண்மையைச் சொன்னால் மனைவி நீந்துகிற மாதிரி நல்ல படம் வேண்டும், கூடவே பவழமும் தெரிய வேண்டும். நூடிபிராங்க் (ஓடில்லாத சின்னக் கடல் நத்தை) பார்த்தால் விடமாட்டேன். வீடியோ அவ்வளவாக இல்லை. லைட்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. 18 மீட்டருக்குக் கீழே போக எனக்கு அனுமதியும் இல்லை.

---

அலைவாய்_கணேசன்

ஆழக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மேலேயிருக்கும் காற்றையும் சேர்த்து 2.8 மடங்கு, 30 மீட்டரில் 4 மடங்கு. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். ஆகவே 40 என்று போட்ட ஹவுசிங் உங்களுக்குத் தாராளம். 60 என்று போட்டதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஹவுசிங்கில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல. முதல் ஓரிரு மீட்டரில்தான். ஹாக்கின்ஸ் குக்கர் மூடி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் கூடக்கூட இறுகும். மேல்மட்டத்தில் ஓ-ரிங்கை (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) அழுத்திப் பிடிக்கத் தண்ணீரின் பலம் போதாது. அந்த நேரத்தில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ குறுக்கே கிடந்தால் அதன் ஓரமாகத் தண்ணீர் கசியும். படகில் எல்லார் கேமராவையும் ஒரே நன்னீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள் பாருங்கள், அதுதான் நான் கண்டதிலேயே ஆபத்தான இடம். ஒரு பயணத்தில் கூட வந்தவர் ஒருவர் டைவ் முழுக்க நன்றாக எடுத்துவிட்டு மேலே வந்து கேமராவைத் தொட்டியில் வைத்தார். அதன்மேல் யாரோ கனமான டார்ச்சைப் போட, தாழ்ப்பாள் நெம்பிக்கொண்டு உள்ளே தண்ணீர். கேமரா போனது முக்கால் அடித் தண்ணீரில்.

ஆழத்தில் வேறொரு தொல்லை உண்டு. விலை குறைந்த ஹவுசிங்கில் பொத்தான்களின் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால், அழுத்தம் கூடும்போது பொத்தான் உள்ளே போய் அப்படியே நின்றுவிடும். பிளே பொத்தான் அமுங்கியபடியே இருக்க, மேலே ஏறும்வரை ஒரு படமும் எடுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. அதனால் ஆழ எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த ஹவுசிங்கை 25, 30 மீட்டரில் பயன்படுத்தியவர்கள் பொத்தான்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

---

சிங்கை_செல்வம்

நான் டிஜி கட்சி. மலேசியாவின் தியோமன் தீவுக்கு வார இறுதியில் போய் வருகிற ஆள். காரணங்களைச் சொல்கிறேன்.

டிஜி-6 மைக்ராஸ்கோப் மோடில் லென்சுக்கு 1 சென்டிமீட்டர் பக்கத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யும். அரிசி அளவு நூடிபிராங்க் திரையை நிறைக்கும். தனி லென்ஸ் எதுவும் வேண்டாம். நீருக்கடியில் எடுக்கத் தனி ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இருக்கிறது. அதன் ஹவுசிங் பிடி-059, 45 மீட்டர். அதே ஹவுசிங் டிஜி-7-க்கும் பொருந்தும், எனவே நாளைக்கு கேமரா மாற்றினாலும் ஹவுசிங் வீணாகாது. எல்லாவற்றுக்கும் மேல், ஹவுசிங்கில் சொட்டுத் தண்ணீர் வந்தாலும் உள்ளே இருப்பது வாட்டர்ப்ரூஃப் கேமரா. நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "15 மீட்டர் தாங்கும்" என்பதை நம்பி வெறும் கேமராவோடு டைவ் போகாதீர்கள் ராம். உங்கள் 18 மீட்டருக்கே அது போதாது. ஸ்நார்கலிங்குக்குச் சரி. அதுவும் பேட்டரிக் கதவின் ரப்பரில் மணல் இல்லாமல் பார்த்துக்கொண்டால்.

---

பவழமீன்

செல்வம் சொல்வதில் மேக்ரோ (சின்ன உயிரினங்களை நெருங்கி எடுப்பது) வரைக்கும் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராம் முதலில் சொன்னது மனைவியும் பவழமும் ஒரே படத்தில். அங்கே டிஜி தடுமாறும். 1/2.3 இன்ச் சென்சார், 12 மெகாபிக்சல். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்துவிடும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற மேனுவல் மோடும் கிடையாது. ஸ்ட்ரோப் (ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் தனி ஃபிளாஷ்) போட்டு எடுக்கும்போது பின்னணி நீலம் எவ்வளவு ஆழமாக வேண்டும் என்பதை ஷட்டரால்தான் கட்டுப்படுத்துவோம். டிஜியில் அதை எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்துச் சுற்றிவளைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ 1 இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல், எஃப்1.8-2.8 லென்ஸ், முழு மேனுவல். அதன் குறை என்ன? வைடு முனையில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கும், ஆனால் ஜூம் செய்தால் 30 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. நூடிபிராங்க் எடுக்க ஹவுசிங்கின் முன்னால் ஒரு குளோசப் லென்ஸ் மாட்டித்தான் ஆக வேண்டும்.

கையில் இருப்பது 5ஏ என்பது உங்கள் அதிர்ஷ்டம், தெரியுமா? மார்க் 6, மார்க் 7 இரண்டிலும் 24-200 மில்லிமீட்டர் ஜூம். லென்ஸ் அவ்வளவு நீளம் வெளியே வருவதால் ஹவுசிங்கின் முன்பகுதியும் நீளமாக இருக்க வேண்டும். அதன் முன்னால் வைடு லென்ஸ் மாட்டினால் மூலைகள் கறுத்துவிடும். நிலத்தில் 7 நல்லதுதான், தண்ணீருக்கு 5ஏ-வைத்தான் இன்னமும் தேடி வாங்குகிறார்கள்.

---

திருமலை_தீபன்

வணக்கம். திருகோணமலையில் இருந்து. புறாத்தீவில் ஸ்நோர்கல் செய்ய வருகிற ஆட்களிடம் நான் அடிக்கடி பார்க்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள் கமராவைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுகிறது. தொலைபேசிக்கு என்றால் ஏதோ பரவாயில்லை. ஆர்எக்ஸ்100 மாதிரி லென்ஸ் வெளியே வந்து போகிற கமராவுக்கு அது சரிவராது. பிளாஸ்டிக் லென்ஸில் உரசும், படமும் மங்கும்.

மற்றது, அங்கே கறுப்புத்துடுப்புச் சுறா பார்க்க இடுப்பளவு தண்ணீர் போதும். காலை வெயிலில், 2, 3 மீட்டரில், எந்த விளக்கும் இல்லாமல் நிறம் வடிவாக வரும். ராம் அண்ணை ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச் மாதிரி இடத்தில் ஸ்நோர்கல் செய்கிற நாளில் ஸ்ட்ரோபைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

---

நெய்தல்_ராம்

சரி, டிஜி ஆசை கொஞ்சம் தணிந்தது. இப்போது எனக்குப் புரியாதது இது. "எம்67 இருக்கிறதா பாருங்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமா? வைடு லென்ஸ் எதற்கு, என் கேமராவின் 24 மில்லிமீட்டரே வைடுதானே?

---

அலைவாய்_கணேசன்

நிலத்தில் வைடு. தண்ணீருக்குள் போனதும் இல்லை.

ஹவுசிங்கின் முன்னால் இருப்பது தட்டையான கண்ணாடி. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. வெளிச்சம் தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாக உள்ளே காற்றுக்கு வரும்போது வளைகிறது, அதனால் பார்வைக் கோணம் சுருங்குகிறது. உங்கள் 24 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கும். தண்ணீரில் அது ஏறக்குறைய 60 பாகை. அதாவது கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி ஆகிவிடும். மனைவியைத் தலை முதல் துடுப்பு வரை ஃப்ரேமில் அடக்க நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் நடுவில் அத்தனை தண்ணீர். பாண்டிச்சேரியின் கலங்கல் தண்ணீரில் டைவ் செய்தவருக்கு நடுவில் தண்ணீர் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எம்67 என்பது ஹவுசிங்கின் முகப்பில் இருக்கும் 67 மில்லிமீட்டர் மரை. அது இருந்தால் வெட் லென்ஸ்களைத் தண்ணீருக்குள்ளேயே திருகி மாட்டலாம், கழற்றலாம். ஒரே டைவில் வைடும் எடுக்கலாம், குளோசப்பும் எடுக்கலாம். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் மேக்ரோ போர்ட்டோடு இறங்கிவிட்டால், திமிங்கலச் சுறாவே வந்தாலும் அதன் கண்ணை மட்டும்தான் எடுக்க முடியும். காம்பாக்ட் கேமராவின் பெரிய பலமே இந்த மரைதான். இது இல்லாத ஹவுசிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். சோனியின் ஹவுசிங்கை நான் பரிந்துரைக்காததற்கும் இதுதான் காரணம். வெட் லென்ஸ் போடும் ஆட்களுக்காகச் செய்தது இல்லை அது.

இனான் யூடபிள்யூஎல்-எச்100, நாட்டிகேம் டபிள்யூடபிள்யூஎல்-1 இரண்டும் பெயர்பெற்றவை. டபிள்யூடபிள்யூஎல்-1 போட்டால் 130 பாகை வரை கிடைக்கும். இந்த லென்ஸ்கள் 28 மில்லிமீட்டரைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. எனவே உங்கள் கேமராவை 24-லிருந்து கொஞ்சம் ஜூம் செய்தால்தான் மூலைக் கறுப்பு மறையும். "லென்ஸ் சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிற பலர் இந்தச் சின்ன ஜூமைச் செய்யாதவர்கள்.

இறங்கியதும் லென்ஸை ஒருமுறை தண்ணீருக்குள் கழற்றி, முன்கண்ணாடியை விரலால் தடவி, மறுபடி திருகுங்கள். இரண்டுக்கும் நடுவில் காற்றுக்குமிழி ஒளிந்திருக்கும். சின்னத் திரையில் அது தெரியாது. அறைக்கு வந்து கணினியில் போட்டால் எல்லாப் படத்திலும் அரைவட்டமாக ஒரு மங்கல் இருக்கும்.

---

பவழமீன்

கணேசன் அருமை. ஆனால் வைடு லென்ஸ் விலையைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே! ராம், நல்ல வைடு வெட் லென்ஸ் உங்கள் பாலிகார்பனேட் ஹவுசிங்கைவிட அதிகம் ஆகும். அதனால்தான் ஹவுசிங்கில் மிச்சம் பிடியுங்கள் என்கிறேன். லென்ஸும் ஸ்ட்ரோபும் கேமரா மாறினாலும் கூட வரும். ஹவுசிங் அந்த ஒரு கேமராவோடு முடிந்தது. காம்பாக்ட் கேமராக்கள் இப்போது ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன, 5ஏ புதிதாகக் கிடைப்பதே அரிது. நின்றுபோன கேமராவுக்கு ஆயிரம் டாலர் வாக்கில் விற்ற அலுமினியப் பெட்டியைப் பாதி விலையில் வாங்குவதா என்று யோசியுங்கள்.

---

நீலப்புள்ளி

இங்கே எனக்கு மாற்றுக்கருத்து. அலுமினியம் வெறும் ஆடம்பரம் இல்லை. மூடுபனி விஷயத்தை யாரும் பேசவில்லையே?

பிளாஸ்டிக் சூட்டை வெளியே விடாது. கேமரா ஓடஓட உள்ளே காற்று சூடாகும், அதில் ஈரம் இருக்கும். முன்கண்ணாடியை வெளியே தண்ணீர் குளிரவைக்கும். அந்த ஈரம் நேராகக் கண்ணாடியில்தான் போய்ப் படியும். சரியாக லென்ஸுக்கு எதிரே ஒரு வெள்ளை வட்டம். அலுமினியமாக இருந்தால் சூடு உடல் முழுக்கப் பரவி வெளியேறிவிடும், உள்சுவரிலேயே ஈரம் படிந்துவிடும், கண்ணாடி தப்பும். இந்த கேமரா 4கே வீடியோவில் எவ்வளவு சூடாகும் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 5 நிமிடத்தில் பதிவை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு.

---

அலைவாய்_கணேசன்

நீலப்புள்ளி சொல்வது சரி. ஆனால் பாலிகார்பனேட்டிலும் இதைச் சமாளிக்கலாம், அவர் வீடியோ எடுக்கவும் போவதில்லை. ஹவுசிங்கைப் படகில் வைத்து மூடாதீர்கள், அங்கே காற்றே ஈரம். முந்தின இரவே ஏசி அறையில், ஏசி ஓடிக் காற்று நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை, ஓ-ரிங் பக்கம் போகாதபடி செருகி வையுங்கள். அடுத்த நாள் இரண்டு டைவுக்கும் நடுவில் திறக்க வேண்டியதில்லாதபடி புது பேட்டரி, காலி கார்டு. உங்கள் கேமராவின் என்பி-பிஎக்ஸ்1 சின்ன பேட்டரிதான், டைவ் இடைவெளியில் கேமராவை அணைத்து வைத்தால் இரண்டு டைவ் தாங்கும். படகில் ஹவுசிங்கை வெயிலில் விடாமல் ஈரத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள்.

---

நீலப்புள்ளி

அதெல்லாம் செய்யலாம். பொத்தான் தரமும் வேக்குவம் வால்வும்தான் நான் அலுமினியத்துக்குப் பணம் கொடுத்ததற்குக் காரணம். சின்னப் பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவோம். அரை மணி நேரம் விட்டுவைத்தும் விளக்கு பச்சையாகவே இருந்தால் அடைப்பு உறுதி. தண்ணீரில் கால் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். கணேசன் மேலே சொன்ன முதல் இரண்டு மீட்டர் பிரச்சினையும் தீரும். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் ஓ-ரிங் படகிலேயே இறுகிவிடுகிறது.

---

பவழமீன்

சீஃப்ராக்ஸிலும் வேக்குவம் பம்ப் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் ராம், நீங்கள் வாங்கும் மாடலில் அதை மாட்டத் துளை இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். கசிவு அலாரம் மட்டும் இருந்தால் போதாது. தண்ணீர் வந்த பிறகுதான் அது கத்தும். 15 மீட்டரில் அது கத்தினால் விர்ரென்று மேலே ஏறவா முடியும்?

---

நெய்தல்_ராம்

நன்றி, நிறைய தெளிந்தது. ஸ்ட்ரோப் இல்லாமல் முதல் பயணம் போகலாமா? சிவப்பு ஃபில்டர் போட்டால் நிறம் வந்துவிடும் என்கிறார்களே.

---

அலைவாய்_கணேசன்

ஃபில்டர் இல்லாத நிறத்தைக் கொண்டுவராது, இருக்கிற நீலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சிவப்பு வெளிச்சம் முதல் சில மீட்டரிலேயே தண்ணீரில் கரைந்துவிடுகிறது. வெயில் பளிச்சென்று இருக்கும்போது, 5 முதல் 12, 13 மீட்டர் வரை, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஃபில்டர் உதவும். அதற்குக் கீழே படம் இருட்டும். பாண்டிச்சேரியின் பச்சைத் தண்ணீருக்குச் சிவப்பு ஃபில்டர் பொருந்தாது, மெஜந்தா வேண்டும். ஃபில்டரோ ஸ்ட்ரோபோ எதுவும் இல்லாவிட்டால் ரா (RAW) கோப்பாக எடுத்து, குறிப்பிட்ட ஆழத்துக்கு வந்ததும் வெள்ளைச் சிலேட்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வையுங்கள்.

---

பவழமீன்

நான் ஒரு ஸ்ட்ரோபாவது முதல் பயணத்திலேயே வேண்டும் என்பேன். கேமராவின் சொந்த ஃபிளாஷை மட்டும் நம்பினால் லென்சுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போய், மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்த மாதிரி மின்னும். வெளி ஸ்ட்ரோபைக் கைநீட்டத்தில் பக்கவாட்டில் வைத்தால் அது குறையும். கேமராவின் ஃபிளாஷ் அடித்ததும் ஃபைபர் கேபிள் வழியாக அதன் வெளிச்சம் போய் ஸ்ட்ரோபைத் தட்டிவிடும். எனவே ஹவுசிங் வாங்கும்போது இரண்டு கேள்வி: உள்ளே ஃபிளாஷ் எழுந்து நிற்க இடம் இருக்கிறதா? கேபிளைச் செருகத் துளை இருக்கிறதா? சோனி முன்கூட்டியே ஒரு சின்ன ஃபிளாஷ் அடிக்கும், அதனால் ஸ்ட்ரோபை ப்ரீஃபிளாஷ் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரோப் முந்திக்கொள்ளும், படம் கறுப்பாக வரும்.

---

அலைவாய்_கணேசன்

இதில் மட்டும் பவழமீனோடு சண்டை. இப்போதுதான் சான்றிதழ் வாங்கியவர். மிதப்புக் கட்டுப்பாடே இன்னும் கைவந்திருக்காது. கேமரா, அதைத் தாங்கும் தட்டு, ஸ்ட்ரோபைப் பிடிக்கும் கம்பி, ஸ்ட்ரோப், வைடு லென்ஸ் எல்லாவற்றையும் கையில் கொடுத்தால் காற்றுமானியைப் பார்க்க மறப்பார், துடுப்பு பவழத்தில் இடிக்கும். முதல் பயணத்துக்கு ஹவுசிங் மட்டும். லென்ஸும் ஸ்ட்ரோபும் அடுத்த வருடம்.

---

பவழமீன்

இதற்கு நான் வாதம் செய்யப் போவதில்லை. சரி. ஆனால் ஃபைபர் துளை உள்ள ஹவுசிங்காகவே வாங்கட்டும்.

---

நெய்தல்_ராம்

முடிவு செய்துவிட்டேன். 5ஏ-வுக்குப் பாலிகார்பனேட், எம்67 மரை, ஃபைபர் துளை, வேக்குவம் பம்போடு. அலுமினியப் பெட்டி விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிச்சப் பணம் வைடு லென்சுக்கு. வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

---

நீலப்புள்ளி

என் பேச்சு எடுபடவில்லை, பரவாயில்லை :) முதல் முறை கேமரா இல்லாமல் இறக்குங்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள், மிதக்காமலிருக்கக் கூடவே ஏதாவது கனமான பொருள். முதலில் பக்கெட் தண்ணீர், பிறகு பாண்டிச்சேரியில் ஒரு டைவ். டிஷ்யூ உலர்ந்திருந்தால்தான் கேமரா.

ஓ-ரிங்கைக் கத்தி, ஊசி எதனாலும் நெம்பாதீர்கள். இரண்டு விரலால் ஒரு பக்கம் தள்ளினால் வளைந்து எழும்பும், எடுத்துவிடலாம். பள்ளத்தை நூல் விடாத துணியால் துடையுங்கள். கிரீஸ் ஒரு பட்டாணி அளவுகூட வேண்டாம், விரலில் மினுமினுப்பு தெரிந்தால் போதும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே போடுங்கள், வேறு கிரீஸில் சில ஓ-ரிங் ஊதிவிடும். ஓ-ரிங்கை விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் முடி கையில் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

---

திருமலை_தீபன்

டைவ் முடிந்த பிறகு நன்னீரில் ஊறப்போட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பல தடவை அமத்தி விடுங்கோ. பொத்தான் தண்டில் உப்புக் காய்ந்தால் அடுத்த முறை அந்த உப்பே உள்ளே இருக்கிற சின்ன ஓ-ரிங்கை வெட்டும். பொது வாளியில் போடவேண்டாம், சொந்தமாக ஒரு மடிக்கிற வாளி கொண்டுபோங்கோ.

---

சிங்கை_செல்வம்

விமானத்தில் ஹவுசிங்கை இறுக்கி மூடிக் கொண்டுபோகாதீர்கள். மேலே அழுத்தம் குறையும், இறங்கியபின் திறக்கவே வராது. மெயின் ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள், வேக்குவம் வால்வைத் திறந்துவிடுங்கள். பேட்டரிகள் கைப்பையில். ஆர்டர் போடும்போதே கூடுதலாக ஒரு மெயின் ஓ-ரிங்கும் சேர்த்துவிடுங்கள், ஹேவ்லாக்கில் உங்கள் மாடலுக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மணிக்கட்டுக் கயிறும் மறக்க வேண்டாம்.